யாப்பு யாருடைய சொத்து?

1

டோனி ஹாரிசன் 2025 செப்டம்பரில் இறந்துபோனார். செய்தி வந்த சில நாட்களில் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் ஓர் அறையில் கூடியிருந்தோம். அவருடைய கவிதைகளைப் பற்றி நான் கொஞ்சம் பேசினேன். முடித்ததும் ஒரு தோழர் கேட்டார்: "எல்லாம் சரி தோழர். கிரேக்கம் படிச்ச ஆளு, சானட் எழுதுன ஆளு. இவரை நாம எதுக்குத் தூக்கிப் பிடிக்கணும்? யாப்பைத் தூக்கிப் போட்ட பிறகுதானே நம்ம ஆளுங்க வாயத் திறந்து பேசவே ஆரம்பிச்சாங்க?" அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. டீ வந்தது. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தோழர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தில் கிரேக்கமும் லத்தீனும் நெடுங்காலம் வாசலில் நிறுத்தப்பட்ட காவலாட்களாக இருந்தன. ஆக்ஸ்ஃபோர்டுக்குள் நுழைய 1920 வரை கிரேக்கம் கட்டாயம். லத்தீன் 1960 வரை. இந்தியாவை ஆள ஆள் பிடித்ததும் இதே சல்லடையால்தான். 1855இல் இந்தியச் சிவில் சர்வீசுக்கு முதல் போட்டித் தேர்வு வைத்தார்கள். அதில் கிரேக்கத்துக்கு 750 மதிப்பெண், லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375. தமிழுக்கு இடமே இல்லை. ஹோமர் படித்தவன் கலெக்டராகி நம் ஊருக்கு வந்தான். ஆக, 'செவ்வியல்' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் கை சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பது இயல்புதான்.

ஆனால் இதிலிருந்து 'பழைய வடிவம் என்றாலே ஆதிக்கம், வடிவத்தை உடைத்தாலே விடுதலை' என்ற முடிவுக்குத் தாவிவிட முடியுமா? முடியாது என்று நான் நினைக்கிறேன். மூன்று பேரை முன்வைத்து இதைப் பேசலாம்.

2

அதற்கு முன் யாப்பு பற்றி நாலு வார்த்தை. கிரேக்க, லத்தீன் யாப்புகள் உச்சரிக்கும் கால அளவை நம்பியவை. நெட்டசை, குற்றசை என்கிற கணக்கு. மாத்திரை தெரிந்த நமக்கு இது எளிதில் பிடிபடும். ஹோமரின் ஓர் அடியில் ஆறு சீர். ஒவ்வொரு சீரிலும் ஒரு நெட்டசையும் இரண்டு குற்றசையும், அல்லது இரண்டு நெட்டசை. கடைசிச் சீர் மட்டும் எப்போதும் ஈரசைதான். ஆங்கில யாப்போ அழுத்தத்தை நம்பியது. எந்த அசையை ஓங்கிச் சொல்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பதே அங்கே கணக்கு. அழுத்தம் இல்லாத அசை ஒன்று, அழுத்தம் உள்ளது ஒன்று என ஐந்து முறை வந்தால் ஐயாம்பிக் பென்டாமீட்டர். ஷேக்ஸ்பியரின் அடி அதுதான்.

இதன் விளைவு முக்கியமானது. கிரேக்க யாப்பை ஆங்கிலத்துக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. முயன்றவர்கள் உண்டு, ஆனால் செயற்கையாகவே ஒலிக்கும். அடி இறுதியில் ஒலி ஒத்துவருகிற இயைபு பண்டைக் கிரேக்கக் கவிதையின் அமைப்பு விதி அல்ல. சானட் 13ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பிறந்தது. ஆகவே கிரேக்கத்தால் உந்தப்பட்டு இன்று யாப்பில் எழுதப்படும் ஆங்கிலக் கவிதையில் கிரேக்கமாக இருப்பது கதையும் சண்டையும் கேள்வியும். யாப்பு வேறிடத்திலிருந்து வந்தது. தூய மரபு என்று காட்டப்படுவதைக் கொஞ்சம் சுரண்டினால் உள்ளே கலப்புதான் தெரிகிறது.

ஹாரிசன் இதைத் தெரிந்தே செய்தார். ஈஸ்கிலஸின் 'ஒரெஸ்டியா'வை 1981இல் லண்டன் தேசிய நாடக அரங்குக்காக அவர் ஆங்கிலத்தில் ஆக்கினார். பீட்டர் ஹால் இயக்கினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது நார்மானியர் வருவதற்கு முந்தைய பழைய ஆங்கிலத்தின் மோனைக் கட்டு. கரடுமுரடான கூட்டுச்சொற்கள், முகமூடி, வடக்கு இங்கிலாந்து உச்சரிப்பு. கனவான்களின் ஆங்கிலத்தில் நூறாண்டுகளாக ஒலித்த ஈஸ்கிலஸ், ஆலைப் பகுதியின் நாக்கில் பேசினான்.

3

ஹாரிசன் 1937இல் லீட்ஸ் நகரில் பிறந்தவர். அப்பா ரொட்டிக் கடைத் தொழிலாளி. பதினொரு வயதில் உதவித்தொகை கிடைத்து மேட்டுக்குடியினரின் கிராமர் பள்ளிக்குப் போனார். பிறகு லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் லத்தீனும். அந்தப் பள்ளி வகுப்பறைதான் 'தெம் அண்ட் உஸ்' கவிதையின் களம். 'அவர்களும் நாமும்' என்று பொருள். அந்த 'உஸ்', 'அஸ்' என்பதை லீட்ஸ்காரர்கள் சொல்லும் விதம்.

பையன் கீட்ஸ் கவிதையை வாசிக்கிறான். நான்கு சொல் தாண்டுவதற்குள் ஆசிரியர் நிறுத்திவிடுகிறார். உன் வாயில் கவிதை நாசமாகிறது, கவிதை அரசர்களின் பேச்சு, உன்னைப் போன்றவர்களுக்கு ஷேக்ஸ்பியர் கொடுத்தது கோமாளி வேஷம் என்கிறார். 'மேக்பெத்'தில் பையனுக்குக் குடிகார வாயிற்காவலன் பாத்திரம். வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு கடலோரத்தில் பேசிப் பழகிய டெமாஸ்தனிஸ் கவிதையின் தொடக்கத்தில் வருகிறான். கிரேக்கத் துன்பியலின் ஓலமும் மலிவான மேடைக் கோமாளியின் கூவலும் ஒரே ஒலியில் முட்டிக்கொள்கின்றன.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. கல்லூரி முதல் வருஷத்தில் ஆங்கில வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசித்தேன். 'ஸ்கூல்' என்ற சொல் 'இஸ்கூல்' என்று வந்துவிட்டது. பேராசிரியர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டினார். வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து மூன்று வருஷம் நான் அந்த அறையில் வாய் திறக்கவில்லை. ஹாரிசனும் நானும் ஒன்றல்ல. அவர் வெள்ளைக்காரர், அது அவர் தாய்மொழி. இருந்தும், கவிதை நுழைவதற்கு முன் உச்சரிப்பு சோதனை செய்யப்படுகிறது என்பதை எனக்கு விளங்க வைத்தது எந்தக் கோட்பாட்டு நூலும் அல்ல, அந்தக் கவிதைதான்.

கவிதையின் இரண்டாம் பகுதியில் பதிலடி வருகிறது. 'உங்கள் குத்தகை வீட்டுக்குள் நாங்கள் குடியேறிவிட்டோம்' என்ற தொனியில் கவிதை என்ற கட்டடத்தை அவர் ஆக்கிரமிக்கிறார். ஆசிரியரின் முகத்திலேயே ஓர் உண்மையையும் வீசுகிறார். வேர்ட்ஸ்வொர்த் 'மேட்டர்', 'வாட்டர்' என்ற இரு சொற்களை இயைபாக வைத்தான். வடக்கத்திய வாயில் அது முழு இயைபு. கனவான்களின் வாயில் அது ஒட்டாது. கீட்ஸின் பேச்சோ லண்டன் எளியவர்களின் பேச்சு. எந்தக் கவிகளைக் காப்பதாகச் சொல்லிப் பையனை வெளியே தள்ளினார்களோ, அந்தக் கவிகளே அந்த வாசலில் தடுக்கப்பட்டிருப்பார்கள்! யாப்பு இங்கே சாட்சி சொல்கிறது. இயைபு இருந்ததால்தான் அந்த உச்சரிப்பு இருநூறு வருஷம் தாண்டிப் பிழைத்திருக்கிறது. கட்டற்ற கவிதையில் இந்தச் சாட்சியத்துக்கு இடமில்லை என்பதைத் தோழர் யோசிக்க வேண்டும்.

இந்தக் கவிதை இடம்பெற்ற வரிசையின் பெயர் 'ஸ்கூல் ஆஃப் எலக்வென்ஸ்' (1978). 'நாவன்மைப் பள்ளி' எனலாம். 1790களில் லண்டன் கைவினைஞர்களின் அரசியல் சங்கம் அரசின் கண்ணில் படாமலிருக்கப் பயன்படுத்திய முகமூடிப் பெயர் இது. இ.பி. தாம்ப்சனின் 'இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் உருவாக்கம்' (1963) நூலிலிருந்து ஹாரிசன் இதை எடுத்தார். 1799இல் சட்டம் போட்டு அந்தச் சங்கத்தைப் பெயர் சொல்லித் தடை செய்தார்கள். வரிசையிலுள்ள கவிதைகளுக்குப் பதினாறு அடி. சானட்டுக்குப் பதினான்கு. மெரடித் 1862இல் கையாண்ட நீட்டிப்பு இது. அந்த இரண்டு கூடுதல் அடிகளில்தான் அடக்க முடியாதது வழிந்து நிற்கிறது என்று எனக்குத் தோன்றும்.

வரிசையின் முதல் கவிதையில் 'ஈனக்' என்ற சம்மட்டி வருகிறது. 1812 வாக்கில் யார்க்ஷயரில் எந்திரங்களை உடைத்த லுட்டைட்டுகளின் சம்மட்டி அது. அவர்கள் உடைத்த எந்திரங்களைச் செய்ததும் அதே ஈனக் டெய்லர் என்ற கொல்லர்தான். எந்திரமும் சம்மட்டியும் ஒரே பட்டறை. ஹாரிசனின் யாப்புக் கொள்கை இதற்குள் அடங்கிவிடுகிறது.

4

சரி, குடியேறியாகிவிட்டது. குடியேறியவன் யாராகிறான்? இதுதான் கடினமான கேள்வி. ஹாரிசனே தன்னைக் கூண்டில் ஏற்றிக்கொண்ட கவிதை 'வி.' 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தக் காலத்தில் எழுதப்பட்டு 1985இல் வெளியானது. லீட்ஸ் கால்பந்து மைதானத்துக்கு மேலே மேட்டில் கல்லறைத் தோட்டம். அடியில் தோண்டி முடித்த சுரங்கம். பெற்றோரின் கல்லறையைப் பார்க்க வருகிறார் கவிஞர். ஆட்டம் தோற்ற ஆத்திரத்தில் வேலையில்லாத இளைஞர்கள் கல்லறைகளில் பெயின்ட் ஸ்ப்ரேயால் கெட்ட வார்த்தை எழுதிவைத்திருக்கிறார்கள். தலைப்பின் 'வி' கால்பந்தில் இரண்டு அணிகளுக்கு நடுவே போடுகிற 'எதிர்'. மூலதனம் எதிர் உழைப்பு, கறுப்பு எதிர் வெள்ளை, கணவன் எதிர் மனைவி என்று அது விரிகிறது.

வடிவம் தாமஸ் கிரேயின் 1751ஆம் வருஷக் கல்லறைப் புலம்பலின் நான்கடிப் பா. பள்ளிப் பாடங்களில் காலங்காலமாக இருந்த சாந்தமான கவிதை. அந்த ஒழுங்கான அடிகளுக்குள் ஹாரிசன் வண்டி வண்டியாக வசவுகளை இறக்கினார். 1987 நவம்பரில் சேனல் 4 தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது வலதுசாரிப் பத்திரிகைகள் குதித்தன. நாடாளுமன்றத்தில் கண்டனத் தீர்மானம் வந்தது. வசவுதான் அவர்களுக்குப் பிரச்சினை என்று நான் நம்பவில்லை. வசவு சாக்கடையில் இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். கிரேயின் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்ததுதான் பொறுக்கவில்லை.

கவிதையில் ஒரு மொட்டையடித்த இளைஞன் கவிஞரோடு சண்டைக்கு வருகிறான். கவிஞர் பேச்சுவாக்கில் ஒரு பிரெஞ்சுத் தொடரைச் சொல்லிவிடுகிறார். அவன் வெடிக்கிறான்: உன் அம்மா பேசுன பேச்சு உனக்கு வராதா, கிரேக்கந்தான் வருமா என்கிற பொருளில். அது கிரேக்கம் இல்லை, பிரெஞ்சு. அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். படித்தவன் பேசுவது எல்லாம் கிரேக்கம். வேலையில்லாதவன் நடுக்கல்லில் எழுதிவிட்டுப் போகிறான், நீ புத்தகத்தில் எழுதிச் சம்பாதிக்கிறாய், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவன் மடக்கும்போது கவிஞரிடம் நல்ல பதில் இல்லை. முடிவில் உன் பெயரைப் போடு என்கிறார் கவிஞர். அவன் பெயின்ட்டில் எழுதும் பெயர் கவிஞரின் பெயர்தான்.

படித்து வெளியேறியவன் உள்ளே ஒருவனைக் கல்லறையில் விட்டுவிட்டுத்தான் வருகிறான். என் அப்பாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும் தெரியும். இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய எதையும் அவர் படித்ததில்லை. எதைப் பற்றி எழுதியிருக்கே என்று ஒருமுறை கேட்டார். சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

5

கிரேக்கத்தின் உள்ளேயே ஓர் அடித்தட்டு இருந்தது, அதைத் துரத்திவிட்டுத்தான் 'உயர் கலை' உண்டானது என்பது ஹாரிசனின் வாதம். ஏதென்ஸின் நாடக விழாவில் ஒரு கவிஞன் மூன்று துன்பியல் நாடகங்களைப் போட்ட பிறகு நான்காவதாக ஒரு சேட்டர் கூத்து போடுவான். சேட்டர்கள் குதிரைக் காதும் வாலும் கொண்ட அரைமனிதர்கள். விறைத்த ஆண்குறியோடு மேடையேறும் குடிகாரக் கும்பல். அந்தக் கூத்துகளில் முழுதாக நமக்குக் கிடைப்பது யூரிபிடிஸின் 'சைக்ளாப்ஸ்' ஒன்றுதான். துன்பியலைப் பத்திரப்படுத்திய கைகள் கூத்தை விட்டுவிட்டன. சாப்பாட்டில் பாதியை எறிந்துவிட்டு மீதியை விருந்து என்றார்கள்.

எகிப்தில், கெய்ரோவுக்குத் தெற்கே ஆக்ஸிரிங்கஸ் என்ற பழைய ஊரின் குப்பைமேடுகளை 1896 முதல் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரு ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்கள் தோண்டினார்கள். தோண்டினார்கள் என்று எழுதுவதே பழக்கதோஷம். தோண்டியது எகிப்தியக் கூலித் தொழிலாளிகள். குப்பையில் வந்த பேப்பிரஸ் ஏடுகளில் பெரும்பகுதி வரிக் கணக்கு, ரசீது, கடிதம், ஏழைபாழைகள் கொடுத்த மனு. நடுவில் சோஃபக்ளிஸின் காணாமல்போன சேட்டர் கூத்து ஒன்றின் சுமார் 400 அடிகள், கிழிசலாக. 1912இல் அதை அச்சிட்டார்கள்.

அப்பல்லோவின் மாடுகள் திருடுபோகின்றன. கூலிக்குத் தடம் தேடும் சேட்டர்கள் ஒரு விநோத ஒலியைக் கேட்டு மிரள்கிறார்கள். குழந்தை ஹெர்மிஸ் ஆமை ஓட்டில் செய்த யாழ் அது. ஏடு பாதியில் அறுந்துவிடுகிறது. அறுந்த இடத்திலிருந்து ஹாரிசன் எழுதினார். 'டிராக்கர்ஸ் ஆஃப் ஆக்ஸிரிங்கஸ்' 1988இல் கிரேக்கத்தின் டெல்ஃபியில், பழைய ஓட்டப்பந்தய மைதானத்தில் அரங்கேறியது. 1990இல் லண்டனுக்கு வந்தது. ஏடுகள் அடைத்த மரப்பெட்டிகளை உடைத்துக்கொண்டு சேட்டர்கள் குதிக்கிறார்கள். காலில் வடக்கு இங்கிலாந்து ஆலைத் தொழிலாளிகள் போட்ட கட்டை அடிக் காலணி. சந்தம் முழுக்க அந்தக் காலணியின் தடதடப்பு. யாப்பு என்பது காதுக்குள் நுழைவதற்கு முன்னால் காலில் இருந்த சங்கதி என்று அப்போது தெரிகிறது.

அப்பல்லோ யாழை எடுத்துக்கொள்கிறான். கண்டுபிடித்தவர்களுக்குக் கூலி கொடுத்து வெளியே அனுப்புகிறான். கிழட்டு சிலீனஸ், மார்சியஸின் கதையைச் சொல்கிறான். மார்சியஸ் குழல் ஊதிய சேட்டர். நன்றாகவே ஊதினான். அதற்காக அப்பல்லோ அவனை உயிரோடு தோலுரித்தான். லண்டன் அரங்கேற்றத்தில் இந்தச் சேட்டர்கள் கடைசியில் அந்த நாடக அரங்குக்கு வெளியே அட்டைப்பெட்டிகளில் படுத்திருந்த வீடற்றவர்களாக ஆனார்கள். பார்வையாளர் வீட்டுக்குப் போகும் வழியில் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஹாரிசனிடம் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. அவருடைய 'ஒரெஸ்டியா'வில் நடிகர்கள் எல்லாரும் ஆண்கள். கிரேக்க வழக்கம் அதுதான் என்பது ஒரு விளக்கம், போதாத விளக்கம். தாயின் கொலை மன்னிக்கப்படும் ஒரு நாடகத்தில் பெண்ணின் குரலையும் ஆணே எடுத்துக்கொள்வது உறுத்துகிறது. வர்க்கக் கதவைத் திறந்தவர் பக்கத்திலிருந்த கதவைக் கவனிக்கவில்லை.

6

வேறொரு நிலத்துக்குப் போவோம். மைக்கேல் லாங்லி (1939-2025) பெல்ஃபாஸ்ட்காரர். டப்ளினில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் படித்தவர். வட அயர்லாந்தில் முப்பது வருஷ மோதலில் சுமார் 3,500 பேர் செத்தார்கள். 1994 ஆகஸ்ட் 31இல் ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்தது. செப்டம்பர் 3இல் 'ஐரிஷ் டைம்ஸ்' நாளிதழில் லாங்லியின் 'சீஸ்ஃபயர்' வந்தது. அறிவிப்புக்கு முன்பே எழுதி அனுப்பியிருந்தார்.

'இலியத்'தின் கடைசிக் காண்டம். மகன் ஹெக்டரின் பிணத்தைக் கேட்டுக் கிழவன் பிரியம், கொன்ற அகிலிஸின் கூடாரத்துக்கே போகிறான். ஹோமரில் இது நூற்றுக்கணக்கான அடிகள், லாங்லியில் பதினான்கு. ஹோமரில் பிரியம் உள்ளே வந்ததும் மண்டியிட்டு, மகனைக் கொன்ற கையை முத்தமிடுகிறான். பிறகுதான் அழுகை, குளிப்பாட்டல், சாப்பாடு. லாங்லி வரிசையை மாற்றி அந்த முத்தத்தைக் கடைசி ஈரடிக்குத் தள்ளிவைத்தார். சானட்டின் முடிவு ஈரடி ஒரு பூட்டுப் போல அழுந்த மூடும். சமாதானத்தின் இனிமையெல்லாம் முடிந்தபிறகு அதன் விலை என்ன என்று அந்தப் பூட்டு சொல்கிறது. கவிதை முடியும் சொல் 'மகன்'.

இதைப் பலர் கொண்டாடினார்கள். ஆனால் தெருவில் ஒருவர் நிறுத்தி, கவிதை பிடித்தது, ஆனால் அதற்கு நான் இன்னும் தயாராக இல்லை என்று சொன்னதை லாங்லியே பிறகு பதிவு செய்திருக்கிறார். எனக்கு அந்த மனிதர் முக்கியமானவர். அழகான வடிவம் காயத்தைச் சீக்கிரம் மூடிவிடும் ஆபத்து உண்டு. மன்னிக்கச் சொல்வது எப்போதும் இழந்தவனிடம்தான். ஹோமருக்கு இது தெரியும். அவருடைய போர்நிறுத்தம் பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் தேவைப்பட்டால் சண்டை என்று பிரியமே சொல்கிறான். பெல்ஃபாஸ்டின் முதல் போர்நிறுத்தமும் 1996 பிப்ரவரியில் லண்டன் குண்டுவெடிப்போடு முறிந்தது. 1997இல் மீண்டும் வந்தது. 1998 ஏப்ரலில் ஒப்பந்தம்.

7

மூன்றாமவர் ஏ.இ. ஸ்டாலிங்ஸ். 1968இல் பிறந்த அமெரிக்கர். 1999 முதல் ஏதென்ஸ்வாசி. லுக்ரீஷியஸின் நெடும் லத்தீன் பாடலை இயைபு வைத்த நீண்ட அடிகளில் ஆங்கிலமாக்கியவர் (2007). 2023இல் ஆக்ஸ்ஃபோர்டின் கவிதைப் பேராசிரியராகத் தேர்வானார். 2015இல் மட்டும் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் கடல் வழியாகக் கிரேக்கத்துக்கு வந்தார்கள். பெரும்பகுதி லெஸ்பாஸ் தீவுக்கு. சாஃபோவின் தீவு அது. ஸ்டாலிங்ஸ் ஏதென்ஸில் அவர்களிடையே வேலை செய்தார்.

'எம்பதி' என்ற கவிதை 'லைக்' (2018) தொகுப்பில் இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் தாய், இந்தக் கட்டில் ஒரு ரப்பர் படகாக இருந்தால், தன் பிள்ளைகள் அதில் இருந்தால் என்று எண்ணிப் பார்க்கிறாள். அப்படி இல்லையே என்று நன்றி சொல்கிறாள். பிறர் துயரை உணர்தல் தாராள குணம் அல்ல, சுயநலம் என்று முடிக்கிறாள். சின்னச் சின்ன நான்கடிப் பாக்கள், அரைகுறையாக ஒட்டும் இயைபு. தாலாட்டுப் போல் ஓடி, நெகிழப்போகும் நம்மைக் கடைசியில் தட்டி எழுப்புகிறது. நம்முடைய 'கண்டனக் கவிதை'களில் எத்தனை இந்த நேர்மையோடு தன்னைச் சந்தேகித்திருக்கின்றன?

8

தோழருக்கு என் பதில் இதுதான். வடிவத்துக்கு வர்க்கம் உண்டு. ஆனால் பட்டா கிடையாது. காவலாளியின் கையில் இருக்கும்வரை அது கதவு. உள்ளே வந்தவன் தன் நாக்கையும் காலணியையும் கொண்டுவந்தால் அது வேறு ஒன்றாகிறது. நாக்கை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தால் இன்னொரு காவலாளி கூடுகிறான், அவ்வளவுதான். 'தெம் அண்ட் உஸ்' வெற்றி முழக்கத்தோடு முடியவில்லை. டோனி என்று பெயர் வைத்துக்கொண்டவரை 'டைம்ஸ்' பத்திரிகை முதன்முதலில் குறிப்பிட்டபோது தானாகவே 'ஆன்டனி' ஆக்கிவிட்டது என்ற கசப்போடு முடிகிறது. குடியேற்றம் ஒருநாளில் முடிகிற காரியம் இல்லை.

நாம் யாப்பைத் தூக்கிப் போட்டது சரியா தவறா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. தூக்கிப் போட்டபோது எந்தக் காலணிச் சத்தம் அதோடு சேர்ந்து போனது என்று கேட்கிறேன். அந்தத் தோழர் இதைப் படிப்பார். மறுத்து எழுதினால் இங்கேயே தொடரலாம்.